பூட்டிக் கிடக்கிற ஆர்மி குவார்ட்டர்ஸை ஒரு குடும்பம் குடியேற ரெடி பண்றது எப்படி

நான் எம்.இ.எஸ்.ல, அதாவது ராணுவக் கட்டடங்களை பாத்துக்கிற மிலிட்டரி இன்ஜினியர் சர்வீசஸ்ல, ஜே.ஈ.யா (ஜூனியர் இன்ஜினியர்) இருந்தவன், பி.ஆர். சைடு, அதாவது கட்டடமும் ரோடும். வடக்கயும் தெக்கயும் நிறைய மிலிட்டரி ஸ்டேஷன் பாத்தாச்சு. சர்வீஸ்ல எனக்கு மனசுக்கு நெருக்கமா இருந்த வேலை புதுசா பில்டிங் கட்டினது கிடையாது, வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்த குவார்ட்டர்ஸை திறந்து சரி பண்ணி ஒரு குடும்பத்துக்கிட்ட சாவி குடுத்ததுதான். இப்ப சர்வீஸ்ல இருக்கிற தம்பிங்க, யூனிட்ல குவார்ட்டர் மாஸ்டர் வேலை பாக்குற சுபேதார் சாப்கள், வீடு அலாட் ஆகி முதல் தடவை உள்ள போய் பாத்து பயந்து போற நம்ம ஊர் பொண்ணுங்க, இவங்க எல்லாருக்கும் உதவட்டும்னு எனக்கு தெரிஞ்சதை எழுதுறேன்.

முதல்ல வீடு ஏன் காலியா கிடக்குதுன்னு பாருங்க. ஒரு யூனிட் மொத்தமா ஃபீல்டுக்கு, அதாவது குடும்பத்தை கூட்டிட்டு போக முடியாத இடத்துக்கு, கிளம்பினா ஒரே மாசத்துல ஒரு பிளாக்கே காலி ஆயிடும், அடுத்த யூனிட் வர்றதுக்கு மாசங்கள் ஆகும், அதுக்குள்ள ஒரு மழைக்காலம் வந்துட்டு போயிடும். சில வீடு ஒழுகுதுன்னு யாரும் எடுக்காம விட்டதாவே இருக்கும். இன்னொரு பக்கம் பாத்தா அதே ஸ்டேஷன்ல பத்து இருபது ஜவான் குடும்பங்கள் சீனியாரிட்டி லிஸ்ட்ல காத்துக்கிட்டு, வெளிய வாடகை வீட்ல இருப்பாங்க. முன்னாடி வீடு கிடைக்காதவங்களுக்கு சி.ஐ.எல்.க்யூ.ன்னு ஒரு தொகை வந்தது, 7-வது சம்பள கமிஷனுக்கு அப்புறம் எச்.ஆர்.ஏ.ன்னு வருது. வீடு பூட்டிக் கிடக்கும்போதே அந்தக் காசும் போயிக்கிட்டேதான் இருக்கு. அதனால ஒவ்வொரு பூட்டின வீட்டையும் ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்குன்னு நினைச்சுத்தான் நான் பாப்பேன், நீங்களும் அப்படியே பாருங்க.

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கண்டிஷன், அது வெள்ளையடிக்கிறதை கடைசிக்கு வைக்கிறது. இதை இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நம்ம ஃபண்டு மார்ச் 31-க்குள்ள செலவாகணும், பிப்ரவரி கடைசியில எல்லாரும் ஓடுவாங்க, அந்த அவசரத்துல சீக்கிரம் முடியிற வேலை, கண்ணுக்கு தெரியிற வேலைன்னு பெயின்ட்ல கை வச்சிடுவாங்க. வடக்க ஒரு ஸ்டேஷன்ல நான் புதுசா போய் சேர்ந்தப்ப 8 வீடு அப்படித்தான் பளபளன்னு இருந்துச்சு, குடும்பங்களும் வந்தாச்சு, ஜூலையில முதல் பெரிய மழை பேஞ்சதும் 5 வீட்ல சீலிங்ல இருந்து பெயின்ட் தோல் மாதிரி உரிஞ்சு தொங்குச்சு, ஒரு வீட்ல கைக்குழந்தை இருந்தது, ராத்திரி பூரா அந்தம்மா பிளாஸ்டிக் ஷீட்டை கட்டில் மேல கட்டிட்டு உக்காந்திருந்தாங்க. காலையில நான் போய் நின்னப்ப அவங்க என்னை திட்டக்கூட இல்ல, டீ போட்டு குடுத்தாங்க. அந்த டீய என்னால இன்னைக்கும் மறக்க முடியல. அதுக்கப்புறம் என் கையில இருக்கிற எந்த வீட்லயும் கூரையும் குழாயும் முடியாம பிரஷ்ஷை தொட விட்டதே கிடையாது.

சரி, சாவி வாங்கி கதவைத் திறந்தாச்சு. உடனே உள்ள நுழைஞ்சிடாதீங்க. எல்லா ஜன்னலையும் திறந்து ஒரு மணி நேரம் காத்தோட விடுங்க, கையில டார்ச்சும் கம்பும் இருக்கட்டும், பாம்பு, குளவிக்கூடு, தேன்கூடு எல்லாம் நானே பாத்திருக்கேன். புறா எச்சமும் எலிப் புழுக்கையும் குமிஞ்சு கிடந்தா துடைப்பத்தால காய்ஞ்சபடி பெருக்கக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு கெடுதல், தண்ணி தெளிச்சு நனைச்சு, மாஸ்க் போட்டுட்டு அள்ளுங்க. பாத்ரூம்ல சாக்கடை நாத்தம் அடிச்சா செப்டிக் டேங்க் நிறைஞ்சிருச்சுன்னு பதறாதீங்க, பல நேரம் தரையில இருக்கிற ட்ராப்ல தண்ணி ஆவியாகி காய்ஞ்சிருக்கும், அந்த தண்ணிதான் கீழ இருந்து வர்ற கேஸை தடுக்கிற மூடி. ஒவ்வொரு ட்ராப்லயும் ஒரு வாளி தண்ணி ஊத்திட்டு அடுத்த நாள் வந்து பாருங்க. அப்பவும் நாத்தம் போகலைன்னா வெளிய இருக்கிற சேம்பரை திறந்து பாக்கணும், மரத்தோட வேர் உள்ள புகுந்து அடைச்சிருக்க வாய்ப்பு இருக்கு.

அடுத்து கணக்கெடுக்கிறது. வீட்டு நம்பரை ஒரு அட்டையில எழுதி கையில வச்சுக்கிட்டு ரூம் ரூமா போட்டோ எடுங்க, ஃபேன், குழாய், சுவிட்ச் போர்டு, ஜன்னல் கண்ணாடி, தாழ்ப்பாள், கதவு எல்லாம். ஏன்னா காலி வீட்ல இருந்து சாமான் நடந்து போயிடும். யாரும் திருடணும்னு பண்றது இல்ல, பக்கத்து வீட்ல ஒரு குழாய் உடைஞ்சிருக்கும், ஸ்டோர்ல ஸ்டாக் இருக்காது, ஆள் போய் காலி வீட்ல இருந்து கழட்டி மாட்டிடுவான், அந்த நிமிஷத்துக்கு அது சரியாத்தான் தெரியும், ஆனா ஆறு மாசத்துல அந்த வீட்டுல சுவரு மட்டும்தான் நிக்கும். இதை நிறுத்தணும்னா சாவி ஒரே ஆள் பொறுப்புல இருக்கணும், கழட்டினா எழுதி கையெழுத்து வாங்கணும். முன்னாடி இருந்த குடும்பம் காலி பண்ணும்போது சாமான் கணக்கு எழுதின மார்ச்சிங் அவுட் பேப்பரையும் எடுத்து வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, அப்ப இருந்தது இப்ப இல்லைன்னா அது அவங்க கட்ட வேண்டிய சேதக் காசா, பேரக் டேமேஜ்னு அவங்க தலையில விழக்கூடாது, பாவம் அவங்க எப்பவோ அடுத்த ஊருக்கு போயிருப்பாங்க.

இன்னொரு விஷயம், பிளாக்ல அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு வீடு எடுக்காதீங்க. ஒரு படிக்கட்டு, அதுல மேல இருந்து கீழ வரைக்கும் எல்லா வீடும்னு சேத்து எடுங்க. தண்ணி குழாயும் கழிவு குழாயும் மேல இருந்து கீழ ஒரே லைன்ல வருது, நடுவுல ஒரு வீட்டை மட்டும் புதுசாக்கினா மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி உங்க புது சீலிங்ல இறங்கும்.

இப்ப கூரை. மொட்டை மாடிக்கு ஏறுங்க. முக்காவாசி ஒழுகலுக்கு காரணம் மூணு இடத்துல இருக்கும், மழைத்தண்ணி இறங்குற குழாயோட வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருற மூலை, டேங்க் நிக்கிற மேடை. மழைக்குழாய் வாயில எல தழை, புறா கூடு, ஷட்டில் காக்கு எல்லாம் அடைச்சு தண்ணி குளம் மாதிரி நின்னு நின்னுதான் தளம் கெட்டுப் போகுது, அதை சுத்தம் பண்ணாலே சில வீடு பாதி குணமாயிடும், ஒரு ஆளும் ஒரு கம்பியும் போதும், ஒரு பைசா எஸ்டிமேட் வேண்டாம். மூலையில கோலான்னு சொல்ற வட்டப் பூச்சு விரிசல் விட்டிருந்தா அதை முழுசா எடுத்துட்டு புதுசா போடுங்க, விரிசல் மேலயே சிமென்ட் பால் ஊத்துறது ஒரு கோடைக்குக்கூட தாங்காது. சுவத்துல அரச மரக் கன்னு முளைச்சிருந்தா மேல வெட்டி விடாதீங்க, வெட்ட வெட்ட வேர் தடிச்சு சுவத்தையே பிளந்துடும், சுத்தி பூச்சை எடுத்து வேரோட பிடுங்கி, மிச்ச வேருக்கு மருந்து வச்சு அப்புறம் அடைக்கணும்.

சரி பண்ணதுக்கப்புறம் சோதனை. மழைக்குழாயை அடைச்சு, தளத்துல ரெண்டு இஞ்ச் உயரத்துக்குள்ள தண்ணி கட்டி 48 மணி நேரம் விடுங்க, கீழ வீட்ல சீலிங்ல சாக்பீஸால பழைய கறையை சுத்தி கோடு போட்டு வைங்க, கோட்டை தாண்டி ஈரம் வந்துச்சுன்னா வேலை முடியல. ரொம்ப பழைய, கம்பி வெளிய தெரியிற தளத்துல மட்டும் இந்த டெஸ்ட் வேண்டாம், அந்த பாரத்தை அது தாங்குமான்னு முதல்ல பாக்கணும்.

அந்த கம்பி விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். சீலிங்லயும் சன்ஷேட் அடியிலயும் சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க, கெட்டியான இடம் டங்குன்னு கேக்கும், உள்ள விட்டுப்போன இடம் டொக்குன்னு கேக்கும். டொக்குன்னு கேட்ட இடம் எல்லாம் என்னைக்காவது ஒருத்தர் தலையில விழப்போற இடம். உள்ள ஈரம் போய் கம்பி துரு பிடிச்சா அது பருத்துடும், பருத்து கான்கிரீட்டை வெளிய தள்ளும், நீங்க மேல பூச்சு பூசினா அதையும் தள்ளும். அதனால லூசான கான்கிரீட் எல்லாம் உதிர்த்து, கம்பியோட பின்பக்கம் வரைக்கும் விரல் போற அளவுக்கு குடைஞ்சு எடுத்து, ஒயர் பிரஷ்ஷால பளிச்சுன்னு தேய்ச்சு, துருவுக்கான கெமிக்கல் அடிச்சு, ஒட்டுறதுக்கான கோட் குடுத்து, பாலிமர் கலந்த சாந்தால அடைக்கணும். கம்பி பாதியா தேஞ்சு போயிருந்தாலோ தளம் நடுவுல தொங்கி இருந்தாலோ ஒட்டுப் போடாதீங்க, முட்டுக் குடுத்து நிறுத்திட்டு ஸ்ட்ரக்சர் பாக்குற ஆளை கூப்பிடுங்க. அந்த வீட்டை குடுக்க முடியாதுன்னா முடியாதுன்னே எழுதுங்க, வீடு பத்தலை, குடும்பம் காத்திருக்குன்னு எவ்ளோ பிரஷர் வந்தாலும் சரி.

கடல் பக்கம் இது இன்னும் வேகமா நடக்கும். எம்.இ.எஸ். ஆர்மிக்கு மட்டும் இல்ல, நேவி, ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸும் பாக்குது. நம்ம பக்கமே ராமநாதபுரம் உச்சிப்புளியில நேவியோட விமானத்தளம் ஐ.என்.எஸ். பருந்து மாதிரி உப்புக்காத்து அடிக்கிற இடம் இருக்கு. அந்த மாதிரி இடத்துல கீலு, தாழ்ப்பாள், ஜன்னல் கிரில், ஸ்க்ரூ வரைக்கும் துரு தின்னுடும், அங்க சாதா இரும்பு சாமான் போட்டு காசை வீணாக்காம ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், யுபிவிசின்னு போறதுதான் சரி.

சுவர் ஈரம். ஓதம் ஏறி உப்பு பூத்து பெயின்ட் பொரிஞ்சு நிக்குறத பாத்ததும் எல்லாரும் வாட்டர்ஃப்ரூஃப் பெயின்ட் அடிக்க ஓடுவாங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம அடிச்சா தண்ணி உள்ளயே மாட்டிக்கிட்டு வேற பக்கமா வெளிய வரும். ஒரு சின்ன சோதனை இருக்கு, ஒரு சதுர பிளாஸ்டிக் ஷீட்டை சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு காத்து புகாம ஒட்டி ரெண்டு நாள் விடுங்க, ஷீட்டுக்கு பின்னாடி, சுவர் பக்கம் நீர் கோத்திருந்தா சுவத்துக்குள்ள தண்ணி இருக்கு, ரூம் பக்கம் கோத்திருந்தா அது ரூம்ல இருக்கிற ஈரக்காத்து குளிர்ந்த சுவத்துல படிஞ்சது, அதுக்கு காத்தோட்டம்தான் மருந்து. சுவத்துக்குள்ளன்னா அந்த ஈரம் எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. தரையில இருந்து இடுப்பு உயரம் வரைக்கும் ஒரே கோடா ஏறி இருந்தா நிலத்துல இருந்து வருது, வெளிய சுவரோரம் மண்ணு மேடாகி இருக்கும், அதை வெட்டி எடுத்து தண்ணி ஓட சரிவு குடுங்க. ஒரு இடத்துல மட்டும் வட்டமா இருந்தா குழாய். மேல இருந்து கீழ வழிஞ்சா கூரையோ மேல் வீட்டு பாத்ரூமோ.

நீலகிரி வெலிங்டன் மாதிரி இடத்துல இருக்கிற வெள்ளைக்காரன் காலத்து கல் கட்டடம், சுண்ணாம்பு சாந்துல கட்டினது, அதுக்கு சட்டமே வேற. அந்த சுவர் ஈரத்தை குடிச்சு வெயில்ல வெளிய விடும், மூச்சு விடுற சுவர். அது மேல சிமென்ட் பூச்சு பூசினா மூச்சு அடைச்சிடும், ஈரம் உள்ளயே நின்னு கல்லோட சாந்தும் கெட்டுப் போகும், ரூமுக்குள்ள கருப்பா பூஞ்சை பிடிக்கும். அங்க தென்மேற்கு பருவமும் நனைக்கும், வடகிழக்கும் கொட்டும், சுவர் காயறதுக்கு கிடைக்கிற நாளே கொஞ்சம். சுண்ணாம்புச் சுவத்துக்கு சுண்ணாம்புப் பூச்சுதான், சுண்ணாம்பு வெள்ளைதான். இந்த வேலை தெரிஞ்ச கொத்தனார்கள் இப்ப கொஞ்ச பேருதான், கிடைச்சா அவர் கூட ரெண்டு சின்ன பசங்களை நிக்க வச்சு கத்துக்க விடுங்க.

விரிசல் பத்தி ஒண்ணு. முடி மாதிரி மெல்லிசா பூச்சுல ஓடுறது பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா, விரல் நகம் நுழையிற அளவுக்கு போனா அது மேல ஒரு சின்ன கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் சிமென்ட் வச்சு ஒட்டி தேதி எழுதிடுங்க, ஒரு மாசத்துல கண்ணாடி உடைஞ்சா சுவர் இன்னும் அசையுதுன்னு அர்த்தம், அடியில என்ன நடக்குதுன்னு பாக்காம அடைக்காதீங்க.

தண்ணி. டேங்க்ல எட்டிப் பாக்காம குழாயை திறந்து குடிச்சுப் பாத்து நல்லாருக்குன்னு சொல்ற ஆளை நான் பாத்திருக்கேன். டேங்கை முழுசா வடிச்சு, உள்ள சேறு எடுத்து, பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவி, நிரப்பி, 1000 லிட்டருக்கு 200 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி தண்ணியில கரைச்சு தெளிவை மட்டும் ஊத்துங்க, பழைய பவுடர்னா வீரியம் போயிருக்கும். அப்புறம் வீட்ல ஒவ்வொரு குழாயா திறந்து பிளீச்சிங் வாசம் வர்ற வரைக்கும் விட்டு மூடி, குறைஞ்சது 4 மணி நேரம், முடிஞ்சா ஒரு ராத்திரி ஊற விடுங்க. இந்தத் தண்ணியை யாரும் குடிக்கக் கூடாது, அந்த படிக்கட்டுல ஏற்கனவே குடும்பம் இருந்தா நேர்ல போய் சொல்லிட்டு செய்யுங்க, செப்டிக் டேங்க்குக்கும் போகக் கூடாது, அங்க வேலை செய்யிற கிருமி செத்துப் போயிடும். எல்லாம் வடிச்சுட்டு ரெண்டு தடவை நல்ல தண்ணி நிரப்பி விடணும். குடும்பம் வந்தப்புறம் குழாய்ல வர்ற தண்ணியில குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும், அதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் கிட் இருக்கு, ஒரு சொட்டு விட்டா மஞ்சளா மாறும்.

பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய்ல ரொம்ப நாள் தண்ணி நின்னிருந்தா காபி கலர்ல வரும். பத்து நிமிஷம் விட்டும் தெளியலைன்னா, இல்ல தண்ணி நூல் மாதிரி வந்தா, உள்ள துரு அடைச்சாச்சு, அதை ஒட்டுப் போடாம லைனையே சிபிவிசி பிளாஸ்டிக் குழாயா மாத்துங்க. சுவத்துக்குள்ள புதைக்கிறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க, பூச்சு பூசினதுக்கப்புறம் ஜாயின்ட் ஒழுகினா ரெண்டு வேலையும் திரும்ப பண்ணணும். டேங்க் மூடியை கம்பி போட்டு கட்டி வைங்க, ஓவர்ஃப்ளோ குழாய் வாயில கொசு வலை கட்டுங்க, டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்.

கரன்ட் வேலை ஈ.எம். காரங்களோடது, அதாவது எலக்ட்ரிகல், மெக்கானிக்கல் சைடு, ஆனா பி.ஆர். ஆளும் யூனிட் ஆளும் என்ன கேக்கணும்னு தெரிஞ்சு வச்சுக்கணும். மெயினை ஆன் பண்ணி லைட் எரியுதான்னு பாக்குறது டெஸ்ட் இல்ல. எலி ஒயரை கடிச்சிருக்கும், ஈரம் போர்டுக்குள்ள போயிருக்கும், லைட் நல்லாவே எரியும், ஒரு நாள் ஈரக்கையோட ஒரு குழந்தை சுவிட்சை தொடும். ஒயரோட இன்சுலேஷனை அளக்குற 500 வோல்ட் மெக்கரை வச்சு ஒவ்வொரு சர்க்யூட்டும் பாக்கச் சொல்லுங்க, 1 மெகா ஓமுக்கு கீழ இருந்தா அந்த ஒயர் வேண்டாம். எர்த் குழி வருஷக்கணக்கா தண்ணி பாக்காம காய்ஞ்சு கிடக்கும், அதையும் அளந்து பாக்கணும். எல்லாத்துக்கும் மேல, கரன்ட் கசிஞ்சா உடனே லைனை கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாம எந்த வீட்டையும் குடுக்காதீங்க, அதுல டெஸ்ட் பட்டன் இருக்கு, சாவி குடுக்கும்போது அந்த வீட்டம்மாவையே அமுக்கச் சொல்லி காட்டுங்க, மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாக்கணும்னு சொல்லுங்க. பழைய வீடெல்லாம் ரெண்டு லைட்டு ரெண்டு ஃபேனுக்கு ஒயர் போட்டது. இன்னைக்கு கீசர், ஏ.சி., இன்டக்ஷன், ராஜஸ்தான் பக்கம்னா பெரிய கூலர், இதுக்கெல்லாம் தனி லைன் இழுக்கலைன்னா அவங்களே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி ஓட்டுவாங்க, அப்புறம் ஒயர் உருகும்.

கரையானுக்கு நிலையும் கதவும் கீழ்ப்பக்கம் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா மாத்தணும். நிலையை மட்டும் மாத்தினா அடுத்த வருஷம் புது நிலையும் போயிடும், சுவரும் தரையும் சேருற ஓரமா ஒரு அடிக்கு ஒரு ஓட்டை போட்டு மருந்து ஏத்தி அடைக்கணும், இதை லைசென்ஸ் இருக்கிற ஆள்தான் செய்யணும், செஞ்ச வீட்ல குழந்தைங்களை உடனே விடக்கூடாது. பழைய குவார்ட்டர்ஸ்ல கூரையோ ஷெட்டோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா உடைக்காதீங்க, துளை போடாதீங்க, காய்ஞ்சபடி தேய்க்காதீங்க, அந்தத் தூசி வருஷம் கழிச்சு நோய் குடுக்கும், நனைச்சு முழு ஷீட்டா இறக்கி சுத்தி கட்டி அனுப்பணும், இறக்குற ஆளுக்கு சரியான மாஸ்க் வாங்கிக் குடுங்க, முகத்துல துண்டு கட்டினா போதாது.

இப்பதான் பெயின்ட். புதுப் பூச்சு 28 நாளாவது காயட்டும். நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு ரூல் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முன்னாடி ஜன்னல் கம்பி, கதவுல அடிச்ச எனாமல்ல ஈயம் இருக்கலாம். அதை காய்ஞ்சபடி உப்புத்தாள் போட்டு தேய்ச்சு தூசி பறக்க விடாதீங்க, நனைச்சு தேய்ங்க, சுரண்டினதை கூட்டி பையில கட்டி எடுத்துட்டு போங்க, அந்த ஜன்னல்லதான் நாளைக்கு ஒரு குழந்தை வாய் வச்சு நிக்கும். மத்தபடி கலர் எல்லாம் ஸ்டேஷன்ல சொன்னபடி போகட்டும்.

பேப்பர் வேலையை சுருக்கமா சொல்லிடுறேன். குழாய், தாழ்ப்பாள், கண்ணாடி மாதிரி சின்ன வேலை, குறிப்பிட்ட காலத்துக்குன்னு முன்னாடியே போட்டு வச்ச டெர்ம் கான்ட்ராக்ட்ல போயிடும், கம்ப்ளெய்ன்ட் ரெஜிஸ்டர்ல தேதியோட எழுதினாதான் அதுக்கு உயிர், வாயால சொன்னது நிக்காது. கூரை, லைன் மாத்துறது, கம்பி வேலைன்னு பெருசா வந்தா ஆபீசர்கள் போர்டு உக்காந்து, எஸ்டிமேட் போட்டு, சாங்ஷன் வாங்கணும், மாசங்கள் ஓடும். அதனால யூனிட் கிளம்பற ஆர்டர் வந்த அன்னைக்கே, வீடு காலி ஆகறதுக்கு முன்னாடியே போய் பாத்து எஸ்டிமேட்டை ஆரம்பிச்சிடுங்க. சாங்ஷன் வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவை ஒரு ஆள் போய் ஜன்னல் திறந்து, எல்லா குழாயும் ஓட விட்டு, ஃப்ளஷ் அடிச்சு, ட்ராப்ல தண்ணி ஊத்திட்டு வரணும், ஒரு வீட்டுக்கு கால் மணி நேரம் ஆகும். இந்த கால் மணி நேரம் நடந்த வீடும் நடக்காத வீடும் ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு நான் பக்கத்து பக்கத்துல பாத்திருக்கேன், ஒரே வயசு கட்டடம்னு யாரும் நம்ப மாட்டாங்க.

ஆம்பளைங்க நாம மறக்கிற ஒண்ணு, அந்த வீட்ல நாள் முழுக்க இருக்கப்போறவங்ககிட்ட கேக்கிறது. வேலை பாதியில இருக்கும்போதே, பூச்சுக்கு முன்னாடி, அந்த பிளாக்ல இருக்கிற ரெண்டு மூணு பொம்பளைங்களை கூட்டிட்டு போய் காட்டுங்க. ஒரு தடவை நம்ம திருநெல்வேலி பக்கத்து தங்கச்சி ஒருத்தி, புருஷன் ஃபீல்டுல, கிச்சனை பாத்துட்டு கிரைண்டர் எங்கண்ணே வைக்கிறதுன்னு கேட்டா, பிளக் பாயின்ட் எல்லாம் மேல ஸ்லாப்ல இருந்துச்சு, அவ்ளோ கனத்தை மேல யார் தூக்குறது. அதுக்கப்புறம் கிச்சன்ல தரைக்கு கொஞ்சம் மேல ஒரு பாயின்ட் எப்பவும் போடுவேன். மிக்ஸிக்கு ஒண்ணு, ஃபில்டருக்கு ஒண்ணு, அடுப்புக்கு நேர் மேல எதுவும் கிடையாது. கேஸ் சிலிண்டர் பக்கத்துல கீழ காத்து போக ஓட்டை இருக்கட்டும், கேஸ் காத்தை விட கனம், கீழதான் தேங்கும்.

செப்பரேட்டட் ஃபேமிலி குவார்ட்டர்ஸ்னா இன்னும் கவனம். அங்க புருஷன் காஷ்மீர்லயோ சியாச்சின்லயோ நிப்பான், இங்க ஒரு பொண்ணு ரெண்டு குழந்தையோட, பாஷை தெரியாத ஊர்ல தனியா. முன் கதவுக்கு உள் தாழ்ப்பாள் மேலயும் கீழயும், கதவுல பாக்குற கண்ணு, படிக்கட்டு ஒவ்வொரு மாடியிலயும் எரியிற லைட், பின் பால்கனி கிரில், இது நாலும் என் லிஸ்ட்ல பெயின்ட்டுக்கு முன்னாடி வரும். ஸ்பெஷல் குழந்தை இருக்கிற வீடு, அந்தக் குழந்தைங்களுக்கான ஆஷா ஸ்கூலுக்கு போற பிள்ளைங்க வீடுன்னா கீழ் வீடு குடுக்கச் சொல்லி ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ்ல பேசுங்க, பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி, வாசல்ல ஒரு சின்ன சரிவு, அரை நாள் வேலைதான்.

குடியேறப் போற அக்கா தங்கச்சிகளுக்கு. மார்ச்சிங் இன், அதாவது வீட்டை பொறுப்பேத்துக்கிற அன்னைக்கு, பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எல்லா குழாயையும் ஒரே நேரத்துல திறந்து விடுங்க, தண்ணி எங்க தேங்குதுன்னு தெரிஞ்சிடும். ஒவ்வொரு ஜன்னலையும் மூடித் திறங்க, ஒவ்வொரு பிளக்லயும் போன் சார்ஜரை சொருகிப் பாருங்க, ஃபிளஷ்ஷை ரெண்டு தடவை அடிங்க. உடைஞ்சது விரிஞ்சது எல்லாத்தையும் போட்டோ எடுத்து, அந்தப் பேப்பர்லயே எழுத வச்சுட்டு கையெழுத்து போடுங்க, இல்லைன்னா நீங்க காலி பண்ணும்போது அது உங்க கணக்குல வரும். சாமான் ஸ்டோர் பாக்குற பி.எஸ்.ஓ.கிட்ட (பேரக் ஸ்டோர்ஸ் ஆபீசர்) இருந்து வர்ற கட்டில், மேசை, நாற்காலியையும் எண்ணி, ஆட்டிப் பாத்து எடுங்க. யாரையும் தொந்தரவு பண்றோமோன்னு தயங்க வேண்டாம், அது உங்க உரிமை.

சாவி குடுக்கப் போற தம்பிக்கு. அன்னைக்கு கான்ட்ராக்டர் ஆளை அனுப்பாம நீங்களே போங்க. அவங்களை வாசலுக்கு கூட்டிட்டு போய் தண்ணி லைனோட மெயின் வால்வு எங்க இருக்கு, எந்தப் பக்கம் திருப்பினா மூடும்னு அவங்க கையாலயே திருப்ப வைங்க, மெயின் சுவிட்சை காட்டுங்க, ராத்திரி கூப்பிட வேண்டிய நம்பரை மெயின் சுவிட்ச் பக்கத்துலயே அழியாத பேனாவால எழுதி ஒட்டுங்க. அப்புறம் டைரியில ஒரு தேதி குறிச்சுக்கோங்க, அந்த ஊர்ல முதல் பெரிய மழை பேஞ்ச மறுநாள், அன்னைக்கு காலையில கம்ப்ளெய்ன்ட் வர்றதுக்கு முன்னாடி நீங்களே போய் கதவைத் தட்டி, சீலிங்ல சாக்பீஸ் கோடு போட்ட இடத்தை அண்ணாந்து பாருங்க.